ஜீப்பின் கால்கயிறு

வலப்பக்கத்து நட்டு மசிவேனா என்றது.

வியாழக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து உலார்பெக் தன் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். இடப்பக்கத்து நட்டு அரை மணி நேரத்தில் கழன்று வந்துவிட்டது. அந்தத் தெம்பில் வலப்பக்கம் வந்தால், ஸ்பேனர் திரும்புகிற பக்கமெல்லாம் நட்டோடு சேர்ந்து போல்ட்டும் திரும்பியது. புதுப் பெண்டாட்டி பின்னாலேயே சுற்றுகிற மாப்பிள்ளை தோற்றான்.

கழற்ற வேண்டியது ஒரே ஒரு கம்பி. வண்டியின் முன்பக்க அடியில், இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை குறுக்கே போகிற தடித்த இரும்புக் கம்பி. ஸ்டெபிலைசர் என்று பெயர். தார் ரோட்டு வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். நல்ல கம்பிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாறையில் ஏறும்போது அதே கம்பி எமனாகிவிடும். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் மற்றதைக் கீழே இறங்க விடாது. அது அந்தரத்தில் நின்று சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குள் உலார்பெக் கரா-சாய் மேய்ச்சல் மலையில் இருந்தாக வேண்டும். அவன் மனைவி பெர்மெத், அம்மா, மூன்று பிள்ளைகள், நூற்றுச் சொச்சம் ஆடுகள் எல்லாரும் கோடை முழுக்க அங்கே கூடாரத்தில்தான். அவன் மட்டும் கீழே கோச்கோர் ஊரில் இருந்துகொண்டு, வெளிநாட்டுப் பயணிகளை ஜீப்பில் ஏற்றி ஏரிக்கும் கணவாய்க்கும் ஓட்டிப் பிழைத்தான். கடைக்குட்டி மேரிம் செவ்வாய்க்கிழமையன்று தன் முதல் அடியை எடுத்து வைத்துவிட்டாள் என்று தகவல் வந்திருந்தது.

நடக்கத் தொடங்கிய குழந்தையின் இரண்டு கால்களையும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலால் கட்டி நிறுத்துவோம். தூரத்திலிருந்து பிள்ளைகள் ஓடி வருவார்கள். முதலில் வந்து சேர்கிற பிள்ளை அந்த நூலை அறுக்கும். அப்புறம் குழந்தை ஆயுசுக்கும் தடுக்கி விழாது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போடுவார்கள், இந்தக் கயிறறுப்பைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

மூத்தவனுக்குக் கயிறு அறுத்தபோது உலார்பெக் மாஸ்கோவில் செங்கல் சுமந்துகொண்டிருந்தான். இரண்டாமவளுக்கு அறுத்தபோது, நாலு பிரெஞ்சுக்காரர்களோடு கணவாயில் பனிக்குள் மாட்டிக்கொண்டு, அவர்கள் பாடிய பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகளின் நூலும் அம்மாவின் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டையும் அவன் அறுந்த பிறகுதான் பார்த்தான்.

"மூணாவதை நான் பாக்காம யாரும் அறுக்கக் கூடாது" என்று வீட்டில் எல்லாரையும் ரொட்டியின் மேல் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தான். கொம்புப் பிடி போட்ட சின்னக் கத்தி ஒன்றைச் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கி, புதன்கிழமையே மலைக்குப் போகிற ஒருவன் கையில் கொடுத்தனுப்பியும் விட்டான். ஜெயிக்கிற பிள்ளைக்கு அந்தக் கத்திதான் பரிசு.

எல்லாம் சரி. ஆனால் போன வாரத்து வெள்ளம் மலைப்பாதையை ஓடையோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. பாதை இருந்த இடத்தில் இப்போது ஆளுயரத்தில் பாதிக்குப் பாறைகள் கிடந்தன. குதிரை போகும். எந்த வண்டியும் போகாது. கம்பியைக் கழற்றிய ஜீப் ஒருவேளை போகலாம்.

"குதிரை அனுப்பட்டுமாங்க?" என்று பெர்மெத் போனில் கேட்டாள். மலையில் ஒரே ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும்.

"வேணாம், வேணாம்! ஜீப்லயே வந்துடறேன்."

"சாதுவான கிழக் குதிரைங்க. பாதித் தூக்கத்துலதான் நடக்கும்."

"சாமானெல்லாம் இருக்கு பெர்மெத். தர்பூசணி மட்டும் பத்து. குதிரையில எப்படி?"

தர்பூசணி வெறும் சாக்குப்போக்குதான். உலார்பெக்குக்குக் குதிரை என்றால் பயம். நாலு வயதில் ஒரு குதிரை அவன் தோளைக் கடித்தது, அன்றோடு சரி. கிர்கிஸ்காரனாகப் பிறந்துவிட்டுக் குதிரைக்குப் பயப்படுவதை அவன் முப்பத்தைந்து வருடமாக ரகசியமாக வைத்திருந்தான். கோச்கோர் முழுக்க அந்த ரகசியம் தெரியும். ஆனால் யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அந்த அளவுக்கு நல்லவர்கள்.

"என்ன தம்பி, காலையிலேர்ந்து வண்டிக்கு அடியில படுத்துக் கிடக்கே? வீட்ல கட்டில் இல்லையா?"

பக்கத்து வீட்டு அசனாலி. ஒரு காலத்தில் கூட்டுப் பண்ணையில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர். பண்ணை போய் முப்பது வருடம் ஆகியும் மெக்கானிக்தனம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. ஒரு வாளி நிறையக் குமிஸ் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். கயிறறுப்பு விருந்துக்கு அவர் வீட்டுக் குதிரைப் பாலைப் புளிக்க வைத்தது, லேசாகப் போதையும் ஏற்றும்.

"வலப்பக்கத்து நட்டு வர மாட்டேங்குது அண்ணே."

"எப்படி வரும்? வண்டி தரையில உக்காந்திருக்கு. அந்தப் பக்கச் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கு. தன்னால இளகும்."

"ரெண்டு சக்கரமும் ஒரே மட்டத்துல இருந்தாத்தானே கம்பி தளர்ந்து இருக்கும்?"

"நான் டிராக்டரையே அக்கக்காப் பிரிச்சவன்டா. நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது. வலச் சக்கரத்தை மட்டும் தூக்கினார்கள். கம்பி முறுக்கிக்கொண்டு நின்றது. அசனாலி நட்டில் ஸ்பேனரை மாட்டி, "பிஸ்மில்லா" என்று ஒரு இழு இழுத்தார்.

நட்டு வந்தது. கூடவே கம்பியும் வந்தது. முறுக்கு விட்டுப்போன வேகத்தில் அதன் நுனி மேலே உதைத்து, பிரேக் குழாயைக் கிழித்து, உலார்பெக்கின் காதை உரசிக்கொண்டு போய் நின்றது. கிழிந்த குழாயிலிருந்து எண்ணெய் அவன் மூக்கின் மேல் சொட்டியது.

"பாத்தியா, வந்துடுச்சு!" என்றார் அசனாலி.

"பிரேக் போச்சு அண்ணே."

"மேட்டுல ஏறறதுக்குப் பிரேக் எதுக்கு?"

புதுக் குழாய் கோச்கோரில் கிடைக்கவில்லை. தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கடைக்குப் போன் போட்டு, ஷேர் டாக்ஸியில் அனுப்பச் சொன்னான். சனிக்கிழமை காலை வந்துவிடும் என்றார்கள். சனிக்கிழமை வந்தால் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம், ஞாயிறு நண்பகலுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது என்று கணக்குப் போட்டு மனசைத் தேற்றிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை, நடுவில் இருந்த கிளாம்புகளில் கைவைத்தார்கள். கம்பியைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கிற கிளாம்புகள் இரண்டு, போல்ட்டுகள் நாலு. மூன்று போல்ட்டுகள் முனகிக்கொண்டே வந்தன. நாலாவதின் தலை, ஸ்பேனர் சுற்றிச் சுற்றி உருண்டையாகிப் போனது.

"சூடு காட்டணும் தம்பி. சூடு காட்டினா எப்பேர்ப்பட்ட போல்ட்டும் இளகும்" என்றார் அசனாலி. போய் வெல்டிங் கடைக்காரரிடம் கேஸ் டார்ச்சை இரவல் வாங்கி வந்தார்.

சூடு நன்றாகவே காட்டினார். முதலில் கிளாம்புக்குள் இருந்த ரப்பர் புகைந்தது. பிறகு பத்து வருடத்துப் பழைய கிரீஸ் சந்தோஷமாகப் பற்றிக்கொண்டது. அங்கிருந்து தீ ஒயர்களுக்குத் தாவியது.

"தண்ணி! தண்ணி!" என்று உலார்பெக் கத்தினான்.

குழாயடி தெருக்கோடியில். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது குமிஸ் வாளி மட்டும்தான். அசனாலி ஒரு கணம் வாளியைப் பார்த்தார், ஒரு கணம் ஜீப்பைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிவிட்டார்.

தீ அணைந்தது. ஸ்டார்ட்டருக்குப் போகிற ஒயரும் ஹெட்லைட்டுக்குப் போகிற ஒயரும் கருகித் தொங்கின. ஜீப்புக்கு அடியிலிருந்து புளித்த பால் வாசனை குபீரென்று கிளம்பி, தெருவில் இருந்த நாய்கள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்தன.

"போல்ட்டு வந்துடுச்சா?" என்று கேட்டான் உலார்பெக்.

அசனாலி குனிந்து பார்த்தார். "இல்ல. ஆனா நல்லா சுத்தமாயிடுச்சு."

சனிக்கிழமை குழாய் வந்தது. உலார்பெக் ஓடிப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தான். பின்சக்கரத்துக் குழாய். கடைக்காரனுக்குப் போன் போட்டால், "ஓ, முன்சக்கரத்துக்கா கேட்டீங்க? திங்கக்கிழமை அனுப்பிடறேன்" என்றான், ஏதோ தேநீருக்குச் சர்க்கரை மறந்துபோன மாதிரி.

உலார்பெக் ஜீப்பின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். கையெல்லாம் கிரீஸ், புருவத்தில் பாதி தீயில் போயிருந்தது. நாற்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆள் ஒரு கம்பிக்காக அழலாமா என்று அழுகையை அடக்கிக்கொண்டான். கம்பிக்காக இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

சாயங்காலம் பெர்மெத் போன் செய்தாள்.

"கிளம்பிட்டீங்களா?"

"பெர்மெத்... செவ்வாக்கிழமை வரைக்கும் தள்ளிப்போட முடியுமா? அன்னிக்குக் காலையில கண்டிப்பா வந்துடுவேன்."



"அத்தைகிட்டக் கேக்கறேங்க" என்றாள். "சுத்துப்பட்டுல இருக்கிற ஆறு மேய்ச்சல்காரங்களுக்கும் சொல்லியனுப்பியாச்சு. ஆடு பிடிச்சுக் கட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானத்தைத் தாண்டினா குழந்தை காலமெல்லாம் தடுக்கி விழும்னு அத்தை ஒரே பிடியா நிக்கிறாங்க."

"நீ சொல்லு. அழு. கால்ல விழு. என்னமாவது செய்."

"சரிங்க" என்றாள் பெர்மெத். குரல் உடைந்திருந்தது.

அன்று அவன் சாப்பிடவில்லை. அம்மாவை அவனுக்குத் தெரியும். மலை நகர்ந்தாலும் அம்மா நகர மாட்டாள். அப்பா இறந்த வருடம் பனிப்புயலில் கூடாரத்தைப் பிரிக்க மறுத்து, ஒற்றை ஆளாகக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கப் போன் அடிக்கவே இல்லை. உலார்பெக் எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து ஒயர்களைச் சேர்த்துக்கொண்டே, நொடிக்கொரு தரம் போனை எடுத்துப் பார்த்தான். நண்பகல் தாண்டியது. இரண்டு மணி. மூன்று மணி. நாலரைக்கு மணி அடித்தது. அவன் எடுத்த வேகத்தில் ஸ்குரு டிரைவர் பறந்து போய்ப் பக்கத்து வீட்டில் விழுந்தது.

பேசியது பெர்மெத் இல்லை. அம்மா! எழுபது வயதில் அந்தப் பாறை மேல் ஏறியிருந்தாள்.

"டேய்" என்றாள். மூச்சு வாங்கியது.

"அம்மா! என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆகும்? நீ மெதுவா வா. அவசரப்பட்டு எங்கேயாவது விழுந்து வைக்காதே."

"கயிறு...?"

"நீ வர்றப்போ குழந்தை கால்ல கயிறு இருக்கும்டா. போதுமா? வை போனை. இங்க நிக்க முடியல, காத்து தள்ளுது."

உலார்பெக் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எலக்ட்ரீஷியனைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். எலக்ட்ரீஷியனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒயர் இன்னும் முடியலியே" என்றார்.

"எங்கம்மா எனக்காகக் காத்திருக்கா!" என்று உலார்பெக் கத்தினான். "எங்கம்மா! உங்களுக்குத் தெரியாது, அவ யாருக்காகவும் எதையும் ஒரு நிமிஷம் தள்ளி வெச்சதில்லை!"

வேலி மேலிருந்து எட்டிப் பார்த்த அசனாலிக்கே கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை சரியான குழாய் வந்தது, பூட்டினார்கள். மீதி இருந்தது அந்த நாலாவது போல்ட்டு. சூடு காட்டியாகிவிட்டது, சுத்தியலால் அடித்தாகிவிட்டது, கெட்ட வார்த்தையும் சொல்லியாகிவிட்டது. அசனாலி வீட்டுக்குப் போய் ஆக்ஸா பிளேடு கொண்டுவந்தார். இருவரும் மாறி மாறி ஒன்றரை மணி நேரம் அறுத்தார்கள். கடைசி இழுப்பு அசனாலியுடையது. 'டங்' என்று கம்பி தரையில் விழுந்தது.

சக்கரத்துக்குச் சக்கரம் நீண்டிருந்த கம்பியை இருவரும் வெளியே உருவிப் போட்டார்கள். வெளியே பார்க்கும்போது ஒன்றுமே இல்லை, இரண்டு பக்கமும் வளைந்த ஒரு கம்பி. இதற்கா ஐந்து நாள்?

அசனாலி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு காலையும் கட்டியிருந்ததை அறுத்தது நான். ஓடி வந்து அறுத்தவனுக்குப் பரிசு எங்கே?"

உலார்பெக் சிரித்துக்கொண்டே தன் தலையிலிருந்த கல்பாக் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தான். பெரியவர் அதைக் கழற்றவே இல்லை. இன்றைக்கும் சந்தைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கிளம்பினான். பின்னால் பத்து தர்பூசணி, ஒரு மூட்டை மாவு, காலி குமிஸ் வாளி.

கம்பி போன ஜீப் தார் ரோட்டில் கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிற மாமன் மாதிரி வந்தது. இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் திருப்பினால் தர்பூசணிகள் இடப்பக்கம் உருண்டன. மூன்றாவது வளைவில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் கோலை நீட்டி நிறுத்தினார்.

"இறங்குங்க. ஊதுங்க."

ஊதினான். கருவி ஒன்றும் காட்டவில்லை. போலீஸ்காரர் கருவியைத் தட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"குமிஸ் வாசனை வருதே?"

"அது வண்டி குடிச்சது சார். நான் குடிக்கலே."

"பின்ன ஏன் வண்டி இப்படி ஆடுது?"

"முன்பக்கத்து ஸ்டெபிலைசர் கம்பியைக் கழட்டிட்டேன். கரா-சாய் ஓடையில பாறை ஏறணும். எங்க பாப்பாவுக்கு இன்னிக்குக் கயிறறுப்பு."

போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கிப் பெயரைப் படித்தார். அப்புறம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பாதிப் புருவத்தைப் பார்த்தார். கிரீஸ் படிந்த நகங்களைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தன் காருக்குப் போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே பூர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள்.

"வழியில சாப்பிடுங்க. சொந்தக்காரங்க விருந்துல குடுத்தனுப்பினது. இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாதீங்க. குழந்தை காத்துக்கிட்டிருக்கும், எங்கேயும் போயிடாது."

"ரொம்ப நன்றி சார்!"

போகிற வழியில் ஒன்றை வாயில் போட்டான். அப்படியே அம்மா கைப்பக்குவம். எங்கள் பக்கத்து அம்மாக்கள் எல்லாரும் ஒரே மாவைத்தான் பிசைகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் நாலைந்து தின்றான்.

ஓடை வந்தது. இறங்கிப் பார்த்தான். பாறைகளைப் பார்த்ததும் குதிரையே தேவலை போலிருந்தது, ஒரு கணம்தான்.

"இத பாரு" என்றான் ஜீப்பிடம். பக்கத்தில் யாருமில்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் பேசினான். "உனக்குக் கட்டு அறுத்தாச்சு. இனிமே சாக்கு சொல்லக் கூடாது. ஒவ்வொரு காலா எடுத்து வை. நான் இருக்கேன், விழ விடமாட்டேன்."

கீழ் கியரைப் போட்டான். இடச் சக்கரம் முதல் பாறையில் மெல்ல ஏறியது. வலச் சக்கரம் தன் பாட்டுக்குக் கீழே இறங்கித் தரையைத் தேடித் தொட்டது. தொட்டதும் ஊன்றியது. பிறகு அது ஏறியது, இது இறங்கியது. தொட்டு, தயங்கி, ஊன்றி, அடுத்த அடி. முதல் முதலாக நடக்கிற குழந்தை இப்படித்தான் நடக்கும் என்று நினைத்தான். நினைத்த பிறகுதான், அப்படி ஒரு குழந்தை நடந்து தான் பார்த்ததே இல்லை என்பது ஞாபகம் வந்தது. மூன்று பிள்ளைக்குத் தகப்பன். ஸ்டீயரிங் கலங்கலாகத் தெரிந்தது. அப்படியே ஓட்டி அக்கரை சேர்ந்தான்.

நண்பகலுக்குச் சற்று முன்னால் ஜீப் மேய்ச்சலில் போய் நின்றது. ஆறு மேய்ச்சல் சனமும் அங்கே நின்றது. நாற்பது ஐம்பது பேர், எல்லாரும் விசேஷ உடுப்பில். பாட்டன்கள் வெல்வெட் அங்கி, பெண்கள் பூப்போட்ட சால்வை. கொப்பரையில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது.

"வந்துட்டான்! வந்துட்டான்!"

"ஜீப்லயா வந்தான்? அந்தப் பாறையிலயா?"

"புருவம் எங்கடா போச்சு?"

பெர்மெத் ஓடி வந்தாள். அவன் கிரீஸ் கையைத் தன் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள். கண்கள் வீங்கியிருந்தன.

"ரெண்டு நாளா எல்லாரையும் காக்க வெச்சுட்டேன்" என்றான் அவன். "கோவமா?"

"இல்லைங்க" என்றாள். "வந்துட்டீங்கல்ல."

புல்வெளி நடுவில் அம்மா நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்தபடி சிவப்புக் கவுன் போட்ட மேரிம். உலார்பெக் மண்டியிட்டான். சின்னப் பூட்ஸ்களுக்கு மேலே, கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் எட்டு மாதிரிச் சுற்றி, முன்னால் முடிச்சுப் போட்டிருந்தது. முழு நூல். அவன் வாழ்க்கையில் அறுபடாத நூலைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. விரலால் தொட்டுப் பார்த்தான். மேரிம் அவன் பாதிப் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா" என்றான். தேம்பித் தேம்பி அழுதான். இவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்றெல்லாம் அவனுக்குத் தோன்றவே இல்லை.

"எழுந்திருடா, குழந்தை பயந்துடப் போவுது" என்றாள் அம்மா. அவளும் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ம், பிள்ளைங்களை நிறுத்துங்க!"

தூரத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அங்கே புல் நன்றாக மிதிபட்டு ஒரு கோடாகவே கிடந்தது. ஆடுகளின் வேலையாக இருக்கும் என்று அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு பெரியவர் கையை உயர்த்தி, கீழே போட்டார்.

"ஓடுங்க!"

தொப்பிகள் பறந்தன. பெண்கள் கூவினார்கள். உலார்பெக் எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினான். அவன் மகனே முதலில் வந்து, மேரிம் காலடியில் குப்புற விழுந்தான். கடைசியாக, ஓடலாமா வேண்டாமா என்ற யோசனையோடு அசைந்து அசைந்து வந்தவள் அடுத்த கூடாரத்து நுரிசா. ஆறு வயது. மேய்ச்சலிலேயே வேகமாக ஓடுகிற பெண் என்று போன மாதம்தான் பெர்மெத் சொல்லியிருந்தாள்.

"சரி, கத்தியைக் கொண்டாங்க!" என்றான் உலார்பெக். "நான் வாங்கி அனுப்பினேனே, கொம்புப் பிடி போட்டது?"

கூச்சல் சட்டென்று அடங்கியது.

அம்மா பெர்மெத்தைப் பார்த்தாள். பெர்மெத் அம்மாவைப் பார்த்தாள். இடுப்பில் கத்தி இல்லாத ஆண்பிள்ளை அங்கே ஒருவர்கூட இல்லை, ஆனால் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"எங்கேம்மா?" என்றான் அவன். "வந்து சேரலியா?"

யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நுரிசா. குனியச் சொல்லிக் கை காட்டினாள். குனிந்தான். கவுன் பைக்குள்ளிருந்து கொம்புப் பிடி போட்ட கத்தியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு இரண்டு கையையும் அவன் காதருகே குவித்து, ஆறு மேய்ச்சலுக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னாள்:

"எனக்குப் பரிசா குடுத்தது மாமா, மறக்காமத் திருப்பித் தந்துடணும். ஞாயித்துக்கிழமை நான் ஜெயிச்சு அறுத்தது பாப்பாவுக்கு, இன்னிக்கு அறுக்கறது உங்களுக்காம்."